பனிக்குள் வீசிய துண்டு

போன வருடம் மே மாதம். எங்கள் மரக்காணத்தில் உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த நேரம். திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கொட்டியது. மறுநாள் வாரலாம் என்று விட்டிருந்த உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்துவிட்டது. அப்படி ஆனால் மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும். தரை காய வேண்டும். மிதித்துக் கெட்டிப்படுத்தி மறுபடி உப்புத் தண்ணீர் கட்ட வேண்டும். அதுவரை வேலை கிடையாது. மழையிடம் போய் சண்டை போட முடியுமா? விட்டுவிட்டோம்.

நானும் என் மனைவியும் ஒரே உப்பளத்தில்தான் வேலை செய்கிறோம். நான் பலகை போட்டு உப்பு வாருவேன். அவள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான்.

என் தங்கை ஏற்காடு மலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்தபோது பழகிக் கட்டிக்கொண்டவர் மாப்பிள்ளை. அங்கே காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். கல்யாணமானதிலிருந்து வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கோடையில் வந்தால்தான் நன்றாக இருக்கும் என்பார். கோடையில்தான் எங்களுக்கு உப்பு. அதனால் போனதே இல்லை.

“வூட்ல குந்திக்கினு வானத்தப் பாக்கறதுக்கு, தங்கச்சியப் போய் பாத்துட்டு வரலாம்” என்றாள் என் மனைவி. எங்கள் ஆட்டை அவள் அண்ணன் வீட்டில் கட்டிவிட்டுக் கிளம்பினோம். திண்டிவனம் போய் பஸ் மாறி, சேலம் போய் மாறி, மலையில் வளைந்து வளைந்து ஏறினோம். அவள் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் ரோடு வளையாது.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாப்பிள்ளை பேச ஆரம்பித்தார். இது என்ன மரம், அது யார் தோட்டம், இந்த வளைவில் எந்த வண்டி கவிழ்ந்தது, எந்தப் பலா இனிக்கும், எது சப்பென்று இருக்கும். நடக்கும்போதும் பேச்சு. சாப்பிடும்போதும் பேச்சு. கேட்க ஆள் இல்லாவிட்டால் காபிச் செடியிடம் பேசுவார் போல. நான் ‘ம்’ என்பேன். அதுவே அவருக்குப் போதும்.

“இவருக்கு வாயி வலிக்காதா?” என்று என் மனைவி காதோரம் கேட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசுகிற ஆட்கள் இல்லை. உப்பளத்தில் பேச்சு உதவாது. காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் கண்ணுக்கு எட்டிய வரை மறைவே கிடையாது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். லாரி வந்தால் துண்டைச் சுற்றுவோம். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் துண்டைத் தூக்கிக் காட்டுவோம். அவ்வளவுதான். அவளும் கூடையோடு திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். அப்படியே எங்கள் காலம் ஓடிவிட்டது.

முதல் நாள் மாப்பிள்ளை எங்களை ஏரிக்குக் கூட்டிப்போனார். காலால் மிதிக்கிற படகு. “கடலோரத்துக்காரங்கள ஏரியில மிதிக்க வெச்சிட்டேன் பாத்தீங்களா” என்று சிரித்தார். மறுநாள் அருவிக்குப் போனோம். மழை பெய்திருந்ததால் தண்ணீர் நன்றாக விழுந்தது. என் மனைவி அதற்கடியில் போய் நின்றவள் வெளியே வரவே இல்லை. நானும் தங்கையும் உடம்பு துவட்டி, துணி மாற்றி, வேர்க்கடலை தின்று முடித்த பிறகும் அவள் தண்ணீரில்தான் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. வந்ததும், “எரியல” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

மலைமேல் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் முழுக்கத் தெரியும் என்று மாப்பிள்ளை சொன்னார். தங்கை வீட்டிலேயே இருந்துகொண்டாள். புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். நாங்கள் மூன்று பேர் போனோம். பாதை காபித் தோட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி ஏறியது. வழியெல்லாம் மாப்பிள்ளை சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். நடுநடுவே கையைத் தட்டினார். இந்த மனுஷனுக்கு எவ்வளவு உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மனைவி கீழே பார்த்துக்கொண்டு, “நம்ம ஊர் தெரியுமா?” என்று கேட்டாள். “தெரியும்க்கா. நடுவுல விழுப்புரத்த மட்டும் எடுத்து ஓரமா வெச்சிட்டா போதும்” என்றார் மாப்பிள்ளை. அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

திரும்பி வரும்போது எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவர் எதிரே வந்தார். மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர். இருவரும் நின்று பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு, “நாங்க முன்ன போறோம் மாப்ள” என்றேன்.

“பாதையிலயே போங்க மச்சான். பின்னாலயே வந்துடறேன்” என்றார்.

ஒரு வளைவு திரும்பியதும் கீழே தங்கை வீடு தெரிந்தது. நீல ஷீட் போட்ட கூரை. வாசலில் காயப்போட்ட என் மனைவியின் சிவப்புப் புடவைகூடத் தெரிந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. பாதையோ எதிர்ப்பக்கமாகப் போனது. எங்கள் ஊரில் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அதுதான் வழி. நேராக வரப்பில் ஏறி நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். தெரிகிற இடத்துக்குப் போக முடியாது என்பதே எங்களுக்குத் தெரியாத விஷயம்.

“பாதையிலயே போலாம்” என்றாள் அவள்.

“வூடு அதோ இருக்குது” என்று சொல்லி நான் செடிகளுக்குள் இறங்கினேன். அவளும் பின்னால் வந்தாள்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சரிவு அதிகமானது. ஈரச் சருகு வழுக்கியது. பின்னால் ‘சர்’ என்று ஒரு சத்தம். திரும்பினால் அவள் சறுக்கி எனக்கும் கீழே போய் ஒரு வேரைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கால் பிசகிவிட்டது. கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். தூக்கி நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

“குந்திக்கினே இரு. மேல போய் மாப்ளய இட்டாரேன்” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

பாதிகூட ஏறியிருக்க மாட்டேன். பனி வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மரம் போனது. அப்புறம் என் காலே மங்கலாகத் தெரிந்தது. மேலே எது, பாதை எது என்று புரியவில்லை. திரும்பி அவளிடமே போகலாம் என்று இறங்கினேன். உட்கார வைத்த இடம் கிடைக்கவில்லை. எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருந்தது. போனை எடுத்தால் டவர் இல்லை.

நான் பயப்படுகிற ஆள் இல்லை. புயலில் எங்கள் வீட்டுக் கூரை போனபோதுகூட நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குப் பயந்தேன். அவளை எனக்குத் தெரியும். உட்கார்ந்திரு என்றால் கொஞ்ச நேரம்தான் உட்காருவாள். பிறகு வலியோடு எழுந்து நடக்கப் பார்ப்பாள். காய்ச்சலோடு கூடை தூக்குகிறவள் அவள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் அந்தச் சரிவில் நடந்தால் என்ன ஆகும்?

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினேன். கை வலிக்கிற வரை சுற்றினேன். கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் கைக்குத் தெரிந்தது அதுதான்.

அப்படி நின்றபோதுதான் மேலே பேச்சுக் குரல் கேட்டது.

“மச்சான் சர்க்கரைப் பொங்கல் சாப்புட மாட்டேன்னுட்டாரு, எனக்கு அதுல வருத்தம்தான். அக்கா, சிக்கன் வேணுமா மட்டன் வேணுமா, இப்பவே சொல்லிடுங்க. மச்சான், காது கேக்குதா?”

யாருமே பதில் சொல்லாத பனிக்குள் ஒரு மனிதர் இப்படி நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தார். நான் அந்தக் குரலைப் பார்த்து ஏறினேன். மோதிக்கொள்கிற தூரத்தில்தான் ஆள் தெரிந்தார்.

“அக்கா எங்க?”

நடந்ததைச் சொன்னேன்.

“கூப்புட்டீங்களா?”

“இல்ல.”

“அவங்க கூப்புட்டாங்களா?”

“இல்ல.”

என் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். அவருக்கு விளங்கியதோ என்னவோ, சிரிக்கவில்லை. “மச்சான், இங்க காட்டெருமை இருக்குது. நான் எதுக்குப் பேசிக்கிட்டே வர்றேன்னு நெனச்சீங்க? சத்தம் கேட்டா அது ஒதுங்கிடும். மேகம் எறங்கிட்டா நமக்கும் வாய்தான் கண்ணு. கூப்புடுங்க” என்றார்.

“ஏய்” என்றேன்.

“ஏய்னா குரங்குதான் திரும்பிப் பாக்கும். பேர் சொல்லிக் கூப்புடுங்க.”

அவள் பெயரை நான் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னதில்லை. சொன்னேன். பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. மறுபடி அடிவயிற்றிலிருந்து கத்தினேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து, “இப்ப பேசாதீங்க. கேளுங்க” என்றார். நின்றோம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

பிறகு வலது பக்கம், வெகு கீழே, “இங்க” என்று கேட்டது.

அதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் முகம் மாறியது. லுங்கியை மடித்து இறுக்கிக் கட்டினார். ஆனால் குரல் மாறவில்லை. “அக்கா, எந்திரிக்காதீங்க. இங்க அட்டை நெறைய. நடந்தாதான் ஏறும். குந்தியிருந்தா கிட்டயே வராது” என்று கத்தினார்.

என் மனைவிக்கு உலகத்தில் அருவருப்பு என்றால் அட்டை ஒன்றுதான். முதல் நாளே அதைப் பார்த்துப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவள். “சரி” என்றாள்.

“இப்ப அவங்கள பேச வைங்க மச்சான். ஒரு வார்த்த சொன்னா எப்படி எடம் புடிக்கறது?”

“இன்னா பேசறது?”

“உங்க பொண்டாட்டிகிட்ட இன்னா பேசறதுன்னு எங்கிட்ட கேக்கறீங்க” என்று எங்கள் ஊர் மாதிரியே பேசிக்காட்டினார்.

“காலு எப்டி இருக்குது?” என்று கத்தினேன்.

“வீங்கிக்கிது.”

“தண்ணி இருக்குதா?”

“இருக்குது.”

அதோடு எங்களுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. அவள் குரல் இருக்கும்போது மாப்பிள்ளை அடி வைப்பார். குரல் நின்றால் அவரும் நின்றுவிடுவார். நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. “ஆட்ட யாருகிட்ட உட்டுட்டு வந்த?” என்று கேட்டேன்.

“இன்னா கேள்வி இது? நீதான எங்க அண்ணன் வூட்ல கட்டிட்டு வந்த? பனி மூளைக்குள்ள பூந்துக்கிச்சா?”

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நாலு அடி இறங்கினார். அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொண்டாள். பாதையில் போகலாம் என்று சொன்னேனே கேட்டாயா, எதைச் சொன்னால்தான் கேட்டிருக்கிறாய், குடிசையை மேட்டில் போடு என்றேன் பள்ளத்தில் போட்டாய் என்று பழைய கணக்கெல்லாம் வந்தது. மாப்பிள்ளை செடியைப் பிடித்து, காலால் தரையைத் தட்டிப் பார்த்து, அவள் திட்டுகிற குரலின் பின்னாலேயே இறங்கினார். நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போனேன்.

திட்டித் திட்டி அவள் கோபம் தீர்ந்துபோனது. நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

“ஏன்யா, அருவில நின்னேனே, காலு எரியல. உப்புத் தண்ணி இல்ல பாரு, அதான். நேத்து எனக்குத் தூக்கமே வர்ல. எரிச்சல் இல்லாம தூங்கி வழக்கமில்ல போலக்குது.”

மாப்பிள்ளை நின்றார். குரல் இருக்கும்போதே நின்றது அந்த ஒரு தடவைதான். பிறகு நடந்தார்.

எனக்கும் கால் எரியும். உப்பளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் பாதம் வெடித்திருக்கும். நானும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் எரிகிற காலோடு பேசாமல் தூங்கியிருக்கிறோம்.

“இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமா?” என்று பனிக்குள்ளிருந்து கேட்டாள்.

“இருக்கலாம்” என்று கத்தினேன்.

“அப்ப மட்டன் எடுத்துர்றேன்க்கா” என்றார் மாப்பிள்ளை. அதைச் சொன்னபோது அவர் கை அவள் தோளில் இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அவர் முதலில் செய்தது, அவளுக்கும் கீழே போய் அவளைப் பார்த்தபடி குறுக்கே உட்கார்ந்ததுதான். உட்கார்ந்தபடியே என் துண்டை வாங்கி அவள் காலில் இறுக்கிக் கட்டினார். ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொடுத்தார். ஏன் அப்படிக் குறுக்கே உட்கார்ந்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எழுந்து ஏறத் தொடங்கிய பிறகு ஒரு காற்று அடித்துப் பனி விலகியது. திரும்பிப் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடுத்து தரை இல்லை. மரங்களின் உச்சிதான் தெரிந்தது, அதுவும் எங்கள் காலுக்குக் கீழே. தங்கை வீட்டு நீலக் கூரை அதற்கும் அந்தப் பக்கம் இருந்தது.

‘இங்க’ என்ற ஒரு சொல்லிலேயே அவருக்கு அது எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் ஒன்றும் இல்லாததுபோல் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கியிருக்கிறார். அட்டைக் கதையும் பொய்தான். உட்கார்ந்திருந்தால்தான் அட்டை ஏறும். அன்றைக்கு அவள் காலில் மூன்று நான்கு பிடுங்கினோம். அவள் கேட்டதற்கு, “அதுங்களுக்கு நான் சொன்னது தெரியாதுக்கா” என்றார்.

பாதைக்கு வந்து சுற்றிக்கொண்டு வீடு சேரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். இந்த மனிதர் சும்மா நிற்கிற பஸ்ஸைப் பற்றியே பாதி நாள் பேசுவார். இது கிடைத்தால் விடுவாரா? நான் பாதையை விட்டது, அவளை விட்டுவிட்டு வந்தது, பனியில் துண்டு சுற்றியது எல்லாம் இன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

தங்கை ஓடி வந்து, “அண்ணிக்கு இன்னா ஆச்சு?” என்று பதறினாள்.

“காலு பெரண்டுடுச்சு. மச்சான் கூடவே இருந்தாரு” என்றார் மாப்பிள்ளை. வெந்நீர் போடப் போய்விட்டார்.

அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை யாரிடமும் அவர் சொன்னதில்லை. எவ்வளவோ பேசத் தெரிந்த ஒருவருக்கு எதைப் பேசக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. நான் பேசாமல் இருந்தது ஒரு வகை. அவர் பேசாமல் இருந்தது வேறு. அதற்கு மனது பெரிதாக இருக்க வேண்டும்.

கால் வீக்கம் வடியும்வரை இருந்துவிட்டுத்தான் வந்தோம். பாத்தியெல்லாம் காய்ந்திருந்தது. தண்ணீர் கட்டி, மறுபடி உப்பு விளைந்தது.

இப்போதும் நான் வாருகிறேன், அவள் சுமக்கிறாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் துண்டைத் தூக்குவதில்லை. வரப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பாதியைக் காற்று கொண்டுபோகிறது. “இன்னாப்பா, மலைக்குப் போயிட்டு வந்ததுலர்ந்து வாயி தொறந்துக்கிச்சு” என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவளும் முதலில் வெட்கப்பட்டாள். இப்போது கூடையோடு நின்று, “வர்றேன், வர்றேன், கத்தாத” என்று அவளும் கத்துகிறாள். சாயங்காலம் கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால், “எரியுதா?” என்று கேட்கிறேன். தேங்காய் எண்ணெயை யார் எடுத்து வருவது என்று கொஞ்சம் சண்டையும் நடக்கிறது.

மாப்பிள்ளை போன் செய்தால் எவ்வளவு நேரமானாலும் நான் வைக்கச் சொல்வதில்லை. என் மனைவி இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள் என்றால், யாரும் பதில் சொல்லாதபோதும் பேசுவதை நிறுத்தாமல் பனிக்குள் இறங்கி வந்த அந்தக் குரல்தான் காரணம்.